பிரகாசி நியூட்ரல்

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயம் கோணலில்லை.

ஷட்டரின் மேல் விழுந்த முதல் அடி கடப்பாரை அடி. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், இருபது வருஷமாக இரும்போடுதான் குடித்தனம். இரண்டாவது அடியில் தகரம் உள்பக்கமாகக் குழிந்தது. மூன்றாவது அடி விழுமுன் நான் வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

என் காலடியில் சுடலைக்கண்ணு அண்ணன் கிடந்தார். முன்பற்கள் மூன்று போயிருந்தன. வலது முழங்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு, காலை பத்து நாற்பதுக்கு, முப்பது டன் உப்போடு அவர் ஓட்டி வந்த மின்லாரி மேம்பாலச் சரிவில் இறங்கி, தூத்துக்குடித் துறைமுகத்தின் நாலாம் வாசலில் மறியலுக்கு உட்கார்ந்திருந்த கூட்டத்துக்குள் புகுந்தது. ஒன்பது பேர். அதில் இரண்டு பேரை எது யாருடையது என்று பிரித்துக் கட்ட முடியவில்லை.

கூட்டம் அவரை வண்டியிலிருந்து பிடுங்கி இழுத்துப் போட்டு மிதித்தது. எப்படியோ ஊர்ந்து, பாலத்துக்கு அடியில் இருக்கும் என் பட்டறைக்குள் வந்து விழுந்தார். நான் ஷட்டரை இறக்கினேன். வேறு யாராக இருந்தாலும் இறக்கியிருப்பேனா என்று கேட்டால், தெரியாது. இவருக்கு இறக்கினேன்.

"பிரேக்கத்தான் மிதிச்சேன் புள்ள" என்றார். வாயிலிருந்து ரத்தம் கொப்புளமாக வந்தது. "சத்தியமா பிரேக்கத்தான் மிதிச்சேன்."

"தெரியும்ண்ணே. பேசாதிய" என்றேன்.

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். கம்பெனிதான் செய்தது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. மறியலே அதற்குத்தானே? நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு சட்டம் போட்டார்கள். பத்து டன்னுக்கு மேல் இழுக்கும் எந்த மின்வண்டியிலும் 'மேல் ஆணை' இருக்க வேண்டும். டிரைவர் தூங்கிவிட்டால், மயங்கிவிட்டால், எங்கோ ஓர் அறையில் மேசைக்கு முன்னால் இருப்பவர் பொத்தானை அமுக்கி வண்டியை நிறுத்தலாம், நகர்த்தலாம். கேட்க நல்லாத்தான் இருந்தது. கம்பெனிக்காரன் கையில் கிடைத்ததும் டீ குடிக்க ஓரங்கட்டினால் வண்டியைக் கிளப்பினான், சங்கத்துக் கூட்டத்துக்குப் போனால் வண்டியைப் பூட்டினான். போன மாதம் நாற்கரச் சாலையில் ஒருவனைச் சித்திரை வெயிலில் கதவோடு சேர்த்துப் பூட்டி வைத்தான். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தபோது உள்ளே பிணம் இருந்தது.

அதனால்தான் டிரைவர்கள் என்னிடம் வந்தார்கள். முதலில் வந்தது சுடலைக்கண்ணு அண்ணன்.

டீசல் லாரி இருபத்தைந்து வருஷம் ஓட்டிய ஆள். எந்தச் சரிவைப் பார்த்தாலும் கியரை நியூட்ரலில் தள்ளி உருட்டி விட்டுவிடுவார். அந்தத் தலைமுறை டிரைவர்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. மின்லாரியில் அது நடக்கவில்லை. "காலை எடுத்தா வண்டி யாரோ வாலைப் பிடிச்சு இழுத்த மாதிரி நிக்கி பிரகாசி. இது என் வண்டியா, இல்ல நான் இதுக்கு மாடா?" என்று என் பட்டறையில் உட்கார்ந்து புலம்பினார்.

"மோட்டாருண்ணே அது. கரண்ட் கொடுத்தா சக்கரத்தைச் சுத்தும், காலை எடுத்தா சக்கரம் அதைச் சுத்தும். அப்ப அது டைனமோ. வண்டியோட வேகத்தைப் பிடுங்கி கரண்டாக்கி பேட்டரிக்கு அனுப்புது. அதான் இழுக்கி. பாதி பிரேக்கே அதான்" என்றேன்.

"அந்த எழவு எனக்கு வேண்டாம். உருட்டி விட ஒரு வழி பண்ணு."

பண்ணினேன். மோட்டாரை ஆட்டிவைக்கும் இன்வெர்ட்டர் பெட்டிக்குப் போகும் ஒரே ஒரு வயரில், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச். மேலே தள்ளினால் வண்டி பட்டறையில் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்று பெட்டி நம்பிவிடும். மோட்டார் இழுக்காது, பிடிக்காது, பெட்டி முழித்திருக்கும் அளவுக்கு மட்டும் கரண்ட் கசியவிட்டுச் சும்மா சுற்றும். அதைவிடப் பெரிய விஷயம், கம்பெனியின் மேல் ஆணையும் வேலை செய்யாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்று அண்ணன் பாலத்திலிருந்து ஒரு தடவை உருட்டிக்கொண்டு வந்து இறங்கி, என் தலையில் கை வைத்து அழுதார். ஆறு மாதத்தில் நாற்பத்தொரு வண்டி. 'பிரகாசி நியூட்ரல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இன்ஜினியரிங் படித்தவன் எவனுக்கும் தோன்றாதது ஐ.டி.ஐ. படித்த எனக்குத் தோன்றியதே என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

ஷட்டர் பிய்ந்தது. முதலில் நுழைந்தவனின் கையில் ஸ்பேனரை இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது ஆள் ஜாக்கிக் கம்பியால் என் தோளில் அடித்தான். நான் விழுந்ததும் யாரோ வயிற்றில் மிதித்தார்கள். அண்ணனை முறிந்த காலைப் பிடித்து இழுத்தார்கள். அவர் போட்ட கூச்சல் இன்றைக்கும் சில நேரம் காதில் கேட்கிறது.

"நிறுத்துங்கல!" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் நின்றார்கள்.

ஜெபநேசன். துறைமுக லோடுமேன் சங்கத்தின் தலைவர். சட்டையில் கழுத்திலிருந்து இடுப்பு வரை ரத்தம். அவருடையதல்ல. அவர் பொண்டாட்டி எஸ்தர் மறியலில் இருந்தவர்களுக்கு மோர் ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை அவர்தான் சக்கரத்துக்கு அடியிலிருந்து எடுத்தார்.

"ஏட்டி பிரகாசி, நீ குறுக்க வராத" என்றார். குரல் அமைதியாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "இவன் என் கையாலதான் சாவணும்."

"அண்ணாச்சி, இவரு பிரேக்க மிதிச்சிருக்காரு. வண்டிய ஏத்துனது கம்பெனி."

"காலு இவன் காலு. ஸ்டியரிங் இவன் கையில. பொறவு கம்பெனிக்காரன் எங்கருந்து வந்தான்?"

"டீசல் வண்டின்னா நீங்க சொல்லுதது சரி. மிதிச்சா நேரா எஞ்சினுக்குப் போவும். இதுல மிதிக்கிறது வெறும் மனு அண்ணாச்சி. 'இவ்வளவு இழுவை வேணும்'னு பெட்டிக்கு எழுதிப் போடுற மனு. எவ்வளவு கரண்ட் மோட்டாருக்குப் போவணும்னு பெட்டிதான் முடிவு பண்ணும். பிரேக்கும் பாதி மனுதான். கம்பெனி மேசையிலருந்து ஆணை வந்துட்டா நம்ம மனு குப்பை."

"அத நீ எப்படிட்டி காட்டுவ?"

"எந்த மனு வந்துச்சு, எந்த ஆணை வந்துச்சு, மோட்டார் என்ன செஞ்சுச்சு, எல்லாத்தையும் பெட்டி நொடிக்கு நொடி எழுதி வச்சிருக்கும். நான் வாசிச்சுக் காட்டுதேன். கம்பெனின்னு வந்தா இவர விட்டுருங்க."

ஜெபநேசன் யோசித்தார். பின்னால் ஒருவன் டீசல் கேனோடு நின்றான், விசைப்படகிலிருந்து கொண்டுவந்தது. "கம்பெனின்னு வந்தா பீச் ரோட்டு ஆபீஸ இன்னைக்கே கொளுத்திருவோம், ஆளோட" என்றான். கூட்டம் ஆமென்றது.

"இவன்னு வந்தா?" என்று ஜெபநேசன் கேட்டார்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

அப்போது அண்ணன் என் பாவாடை நுனியைப் பிடித்தார். "வேண்டாம் புள்ள. பெட்டியத் தொறக்காத. நான் செத்துட்டுப் போறேன், விடு."

எனக்குச் சுரீரென்றது. பிரேக்கை மிதித்தவன் ஏன் பெட்டிக்குப் பயப்பட வேண்டும்? ஒருவேளை இந்த மனுஷன் பதறிப்போய் ஆக்சிலேட்டரைத்தான் மிதித்துவிட்டாரோ? "வாயை மூடும்வே" என்று அவரைச் சீறினேன். அதுவரை அவரை அப்படிப் பேசியதில்லை.

அண்ணனை விளக்குக் கம்பத்தில் சேர்த்துக் கட்டிவிட்டு, என்னை லாரியிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். உச்சிவெயில். சாலையில் ஒன்பது இடத்தில் தார்ப்பாயும் சேலையும் போர்த்தியிருந்தார்கள். உப்பு மூட்டைகள் கிழிந்து ரோடெல்லாம் வெள்ளை, அதில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது. பின்பெட்டி கழன்று சரிந்து கிடந்தது. லாரித் தலை மட்டும் வாசல் தூணை இடித்துவிட்டு நின்றது. அதன் பக்கத்தில் பத்தாவதாக ஒரு பிணம், போர்த்தாமல்.

கோபத்தில் ஒருவன் கோடாலியால் ஆரஞ்சு நிற வயரை வெட்டியிருக்கிறான். அறுநூறு வோல்ட். கோடாலி வாய் உருகியிருந்தது. அவன் முகத்தைப் பற்றி எழுத வேண்டாம். அந்த வெட்டில் பேட்டரியின் ஃபியூஸ் போய் வண்டி மொத்தமும் செத்துவிட்டது. சாவியைத் திருப்பினேன், திரையில் ஒன்றுமில்லை.

"என்னட்டி, ஏமாத்துதியா?" என்று டீசல் கேன்காரன் என் முடியைப் பிடித்து ஜன்னல் கண்ணாடியில் மோதினான். புருவம் கிழிந்தது.

"கையை எடுல மூதி! பெட்டி முழிக்கணும்னா கரண்ட் வேணும். பேட்டரி செத்துப்போச்சு. ஆனா மோட்டார் இருக்கு" என்று கத்தினேன். ஜெபநேசனைப் பார்த்தேன். "அண்ணாச்சி, சக்கரத்த யாராவது சுத்தி விட்டா மோட்டார் டைனமோவா மாறும். பெட்டிக்கு அந்தக் கரண்ட் போதும். இந்த லாரித் தல மட்டும் எட்டு டன். கயித்தக் கட்டி ஓட்டமா இழுக்க ஆளு வேணும்."

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். கப்பலைக் கரையில் கட்டும் வடம் வந்தது, என் தொடை கனத்துக்கு; லாரித் தலையின் பின்பக்கம் கட்டினார்கள். நான் வண்டிக்கு அடியில் புகுந்து பார்க்கிங் பிரேக்கைத் திருகித் தளர்த்தினேன். சக்கரத்தில் ஒட்டியிருந்தவற்றின் மேல் கை படாமல் வேலை செய்ய முடியவில்லை. வெளியே வந்து, சக்கரம் சுற்றும் வரை அறுந்த ஆரஞ்சு வயரில் உயிர் இருக்கும், எவனும் கிட்டே வராதே என்று இரண்டு தடவை சொன்னேன். பிறகு ஏறி உட்கார்ந்தேன். ஜெபநேசன் கடப்பாரையோடு படியில் ஏறி நின்றுகொண்டார்.

எழுபது பேர் இருக்கும். வடத்தைப் பிடித்தார்கள். பழக்கதோஷத்தில் யாரோ ஒருவன் "ஐலசா" என்றுவிட்டான். பத்துப் பிணத்துக்கு நடுவே அந்தச் சொல். யாரும் அவனைத் திட்டவில்லை, அடுத்த இழுப்புக்கு எல்லாரும் அதையே சொன்னார்கள். வண்டி அசைந்தது. நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். கீழே மோட்டார் சன்னமாகப் பாட ஆரம்பித்தது. திரை ஒரு தடவை மின்னி அணைந்தது.

"இன்னும் வேகமா!" என்று ஜெபநேசன் கத்தினார்.

திரை நின்று எரிந்தது. பதிவுப் பக்கத்துக்குப் போனேன். எல்லாம் இங்கிலீஷும் எண்ணும். பத்து நாற்பதைத் தேடினேன்.

ஆக்சிலேட்டர் மனு, பூஜ்யம். பிரேக் மனு, நூற்றுக்கு நூறு. இடிக்கும் முன் இருந்த ஒன்பது நொடியும் நூற்றுக்கு நூறு. மனுஷன் பிரேக்கின் மேல் ஏறியே நின்றிருக்கிறார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அடுத்த வரியைப் பார்த்தேன். கம்பெனியின் ஆணை, மேசை ஆறிலிருந்து வந்திருந்தது. 'நிறுத்து.'

அதற்கு அடுத்த வரியிலும் அதுதான். நிறுத்து. நிறுத்து. எண்ணினேன், ஒன்பது நொடியில் பதினான்கு தடவை. பீச் ரோட்டு அறையில் எவளோ ஒருத்தி, அந்த மேசைகளில் எல்லாம் பெண்பிள்ளைகள்தான், காதில் ஹெட்போனோடு, கேமராவில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, பொத்தான் உடையும் வரை குத்தியிருக்கிறாள்.

மோட்டார் செய்தது, பூஜ்யம். காரணம் என்ற கட்டத்தில் பதினான்கு தடவையும் ஒரே சொல். நியூட்ரல்.

குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே பார்த்தேன். சுவிட்ச் மேலே தள்ளியபடி இருந்தது. அடையாளத்துக்கு நான் ஒட்டிய சிவப்பு டேப் கூடப் பிரியவில்லை.

எனக்கு எல்லாம் விளங்கியது. அண்ணன் வழக்கம்போல் பாலத்தில் சுவிட்சைத் தள்ளி உருட்டி விட்டிருக்கிறார். கூட்டத்தைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்திருக்கிறார். டீசல் லாரி அதற்கு நின்றிருக்கும், அதன் பிரேக் யானை மிதி மாதிரி. இதில் மோட்டாரே பிடித்துக்கொள்ளும் என்று கம்பெனிக்காரன் பிரேக்கைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தான். இருந்ததும் தேய வேலையில்லாமல் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் படுத்து அந்தத் துருவைப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சை மாட்டினேன். 'இதைக் கழுவித் தொடைங்கய்யா' என்று சொல்லிவிட்டு மாட்டினேன். பதற்றத்தில் இருபத்தைந்து வருஷப் பழக்கம் அவர் காலுக்கு வந்தது, ஆறு மாத சுவிட்ச் கைக்கு வரவில்லை.

அந்த மனுஷனுக்கு இது தெரியும். பல்லை உடைத்தபோதும், காலை முறித்தபோதும், 'பிரகாசி வச்ச சுவிட்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் அவரை விட்டுவிட்டு என் பட்டறைக்கு வந்திருக்கும். சொல்லாமல் என் காலடியில் வந்து விழுந்தார். நான் அவரை 'வாயை மூடும்வே' என்றேன்.

"என்னட்டி போட்டிருக்கு?" ஜெபநேசனின் முகம் ஜன்னலுக்குள் வந்துவிட்டது. வியர்வை என் மேல் சொட்டியது. "கம்பெனியா, அவனா?"

சொல்லியிருக்கலாம். கம்பெனி என்று ஒரு சொல். அவருக்கு அந்தத் திரையை வாசிக்கத் தெரியாது. எல்லாருக்கும் வேண்டியிருந்த பதிலும் அதுதான். அண்ணன் பிழைத்திருப்பார், நானும் பிழைத்திருப்பேன். டீசல் கேன் பீச் ரோட்டுக்குப் போயிருக்கும். மேசை ஆறில் உட்கார்ந்திருந்தவள் அப்போதும் ஹெட்போனைக் கழற்றியிருக்க மாட்டாள்.

"ரெண்டு பேரும் நிறுத்தத்தான் பாத்திருக்காவ அண்ணாச்சி" என்றேன். "இவரும், கம்பெனிக்காரியும். ஒரு சுவிட்சு விடல."

"எந்த சுவிட்சு?"

கையை நீட்டிக் காட்டினேன். வண்டி விளக்குக் கம்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அண்ணன் அங்கிருந்தே எங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போல. கட்டுக்கயிற்றை அறுத்துக்கொள்வது போலத் துள்ளினார். "நான் வச்சேன்! ஏ ஜெபநேசா, நான்தாம்ல வச்சேன்! அவளுக்கு ஒண்ணும் தெரியாது!"

"அவருக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது அண்ணாச்சி" என்றேன். "நான்தான் வச்சேன்."

ஜெபநேசன் கையைத் தூக்கினார். வடம் தொய்ந்தது. மோட்டாரின் பாட்டு இறங்கி இறங்கி நின்றது, திரை அணைந்தது. என்னைச் சட்டையைப் பிடித்து இறக்கினார். கூட்டம் சுற்றி வந்தது. அவர் கடப்பாரையைக் குறுக்கே நீட்டி அவர்களைத் தடுத்தார். என்னிடம் கேட்டார்.

"எத்தன வண்டியில வச்சிருக்க?"

"நாப்பத்தொண்ணு."

"எங்க நிக்கி எல்லாம்?"

நான் பாலத்தைப் பார்த்தேன். மறியலுக்காக நிறுத்திய லாரிகள் மேலே சரிவு முழுக்க ஓரங்கட்டி வரிசையாக நின்றன, மூக்கு கீழே பார்த்தபடி.

"எந்தக் கையால வச்ச?" என்று கேட்டார். வலது கை என்றேன். அதைப் பிடித்து லாரியின் இரும்புப் படியில் வைத்தார். நான் இழுத்துக்கொள்ளவில்லை. கடப்பாரை மூன்று தடவை இறங்கியது. மூன்றாவது அடியோடு என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போயின. வாந்தி எடுத்தேன். அவர் காத்திருந்தார்.

"இன்னொரு கை இருக்குல்லா" என்றார். "ஏறு பாலத்துல. ஒவ்வொண்ணாக் கழட்டு."

அண்ணனை அவிழ்த்துத் தண்ணீர் கொடுத்ததை ஏறும்போது பார்த்தேன். போலீஸ் பாலத்தின் மறுமுனையில் கேடயத்தோடு நின்றது, கிட்டே வரவில்லை. அவர்கள் பிறகு வந்தார்கள். வழக்கு, ஜெயில் எல்லாம் பிறகு. அன்று நான் இடது கையால், பல்லால் வயரை உரித்து, ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கினேன். ஜெபநேசன் ஒவ்வொரு சுவிட்சையும் என்னிடமிருந்து வாங்கி எஸ்தரின் மோர்ச் செம்பில் போட்டுக்கொண்டே வந்தார். டிரைவர்கள் கதவைத் திறந்துவிட்டு இறங்கி நின்றார்கள்.

முப்பத்தெட்டாவது வண்டியின் டிரைவர் இறங்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் நாலாம் வாசல் முழுக்கத் தெரியும், போர்த்திய ஒன்பது இடமும் தெரியும். ஜெபநேசன் பின்னால் பத்தடி தள்ளி வந்துகொண்டிருந்தார். அவன் ஜன்னலைப் பாதி இறக்கி என் காதோரம் குனிந்தான்.

"யக்கா, என் வண்டியில மட்டும் இருந்துட்டுப் போவட்டும். நான் பாத்து ஓட்டிக்கிடுவேன்."

ஓங்கி அறைந்தேன். வலது கை போனதற்காக அன்று முதல் தடவையாக எனக்கு வருத்தம் வந்தது. இடது கை அடி அவனுக்கு உறைக்கவே இல்லை.